எட்டயபுரத்துக் கச்சேரியும் பாஞ்சாலங்குறிச்சிக் கணக்கும்

எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பேச்சை எடுத்தால் உடனே ஒரு கதை வரும். கரிசக்காடு வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடினார், மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கச்சேரி மேடையில் சொல்வார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் பாட்டு தெரிந்த தாத்தா யாராவது இருந்தால் அவரும் சொல்வார். நல்ல கதைதான். மானாவாரியை நம்பிப் பிழைக்கிற சீமையில் மழை பெய்த கதையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அதே எட்டயபுரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அதை மட்டும் மைக் முன்னால் சொல்லிக் கேட்பது அபூர்வம்.

தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானது 1835. அதற்கு 34 வருடம் முன்னால், 1801 மே 24 அன்று, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாவது முறையாக விழுந்தது. கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறில். 1801 தொடக்கத்தில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பி, கும்பினிப் படையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார். அந்தச் சண்டையில் கும்பினி பக்கம் நின்றவர்களில் எட்டயபுரத்து ஆட்களும் உண்டு. சண்டை முடிந்ததும் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். பாளையத்து நிலத்தைப் பங்கு போட்டார்கள். அதில் எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு வந்தது.

கோவில்பட்டியில் நின்று பார்த்தால் எட்டயபுரம், கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி மூன்றும் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தக் குட்டி வட்டத்துக்குள்தான் ஒரு போரும், போரில் ஜெயித்த பக்கம் வளர்த்த ஒரு சங்கீதமும், தோற்ற பக்கம் வளர்த்த இன்னொரு சங்கீதமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேடையில், ஒரே சாயங்காலத்தில் கேட்கிற வழக்கம் மட்டும் இங்கே வரவில்லை. அது வராததற்குச் சொல்லப்படுகிற காரணங்கள் ஒன்றுகூட தேறாது என்பதுதான் இந்தப் பதிவு.

வெளிநாட்டில் மட்டும் செல்லுமா?

மேற்கத்திய சங்கீதம் கேட்கிற நம்ம ஊர்க்காரர்களிடம் மெஸ்ஸியான் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கண் கலங்கிவிடும். 1941 ஜனவரி 15 அன்று, கெர்லிட்ஸ் ஊரில், ஜெர்மானியர்களின் போர்க்கைதி முகாமில், பியானோ, வயலின், செல்லோ, கிளாரினெட் என்று நான்கே கருவிகளை வைத்துக்கொண்டு, குளிரில் உட்கார்ந்திருந்த கைதிகளுக்கு முன்னால் வாசிக்கப்பட்ட இசை அது. ஷோஸ்டகோவிச் 1944ல் எழுதிய பியானோ மூவிசையும் அப்படித்தான். இதையெல்லாம் "போர்க்கால இசை" என்று தலைப்புப் போட்டு ஒரே கச்சேரியாக வாசிப்பது அங்கே சகஜம். சின்ன அறை, நாலைந்து கலைஞர்கள், நூறு பேர் கூட்டம். இன்ன வருடம் எழுதியது, அப்போது வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். கேட்டுவிட்டு, "ஆஹா, அந்தக் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் எப்படி எழுதினான் பார்" என்று உருகுகிற அதே ரசிகரிடம், "நோட்டுஸ்வரம் எந்தக் காலத்தில் வந்தது, அப்போது இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால், "சங்கீதத்துக்கும் சண்டைக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்பார்.

சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் நிறையவே இருக்கிறது.

மணலி சின்னையா முதலியார் கும்பினியின் துபாஷ். அவர் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்தபோதுதான் சகோதரர்கள் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் இசையைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே இருந்து வயலின் கற்றுக்கொண்டார். அண்ணன் அந்த பேண்ட் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். சுமார் 40 பாட்டு. இன்றைக்கும் பாட்டு வகுப்பில் சேருகிற குழந்தை முதலில் கற்கிறவற்றில் இவை உண்டு. "சந்ததம் பாஹிமாம்" என்கிற நோட்டுஸ்வரத்தின் மெட்டு வேறெதுவும் இல்லை, இங்கிலாந்து ராஜாவை ஆண்டவன் காக்கட்டும் என்கிற அவர்களுடைய தேசிய கீதம்!

அந்தக் கோட்டையில் பேண்ட் ஏன் இருந்தது? பட்டாளம் இருந்ததால் இருந்தது. 1790ல் தொடங்கிய மைசூர்ப் போர், 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம், அதே 1799லும் 1801லும் பாஞ்சாலங்குறிச்சி என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு போனது அந்தக் கோட்டையிலிருந்துதான். இன்றைக்கு வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரியே கிடையாது. அந்த வயலின் உள்ளே நுழைந்த வழிகளில் முக்கியமான ஒன்று பட்டாள பேண்ட். போர் வேண்டாம், இசை மட்டும் போதும் என்று பிரித்தெடுக்க முடியாத அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

இதே மெட்டு அந்தப் பக்கம் என்ன செய்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். லண்டன் போயிருந்த ஹைடன் இந்தக் கீதத்தைக் கேட்டார். நெப்போலியன் படை ஆஸ்திரியாவை நெருக்கிக்கொண்டிருந்த 1797ல், நம்ம சக்கரவர்த்திக்கும் இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்று ஒரு மெட்டுப் போட்டார். அதையே ஒரு நால்வர் இசையின் இரண்டாம் பகுதியில் வைத்து, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ மாற்றி மாற்றி வாசிக்கும்படி செய்தார். அது அச்சில் வந்த வருடம் 1799. கயத்தாறில் புளியமரத்தில் கயிறு தொங்கிய அதே வருடம். ஜெர்மனியின் இன்றைய தேசிய கீத மெட்டும் அதுதான். 1813ல் பீத்தோவனும் வெலிங்டன் வெற்றியைக் கொண்டாடி எழுதிய இசையில் அந்த இங்கிலாந்து மெட்டைப் பயன்படுத்தினார். அந்த வெலிங்டன் யார்? 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லி!

ஆக ஒரே மெட்டு, ஒரே கால்நூற்றாண்டு, ஒரே ராணுவம். வியன்னாவில் நெப்போலியன் பேரைச் சொன்னால் ஹைடன் இசை தீட்டுப்பட்டுவிடும் என்று யாரும் பதறுவதில்லை. எட்டயபுரத்தில் ஊமைத்துரை பேரைச் சொன்னால் மட்டும் தீட்சிதர் இசை தீட்டுப்பட்டுவிடுமா?

"தீட்சிதர் என்ன செய்தார் பாவம்?"

இது வழக்கமான பதில். தீட்சிதர் ஒன்றும் செய்யவில்லை, அது உண்மை. 1801ல் அவர் எட்டயபுரத்திலேயே இல்லை. கடைசிக் காலத்தில்தான் தம்பி இருந்த ஊருக்கு வந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் பி.காம். முதல் வருடப் பாடத்தில் ஒரு சின்ன விதி உண்டு. போன வருடத்துக் கடைசி இருப்புதான் இந்த வருடத்து ஆரம்ப இருப்பு. 1801க்குப் பிறகு எட்டயபுரம் ஜமீனின் ஆரம்ப இருப்பில் பாஞ்சாலங்குறிச்சி மண் இருந்தது. அந்த மண்ணில் பருத்தியும் சோளமும் கம்பும் விளைவித்தவன் கட்டிய தீர்வை இருந்தது. அந்தப் பணப்பெட்டியிலிருந்துதான் பாலுசுவாமி தீட்சிதருக்கும், பின்னால் சுப்பராம தீட்சிதருக்கும் ஆதரவு போனது. 1904ல் எட்டயபுரத்தில் அச்சான "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" இல்லாவிட்டால் தீட்சிதர் கிருதிகளில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சங்கீதம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஆதரித்த புண்ணியத்தை ஜமீன் பெயரில் வரவு வைக்கிறார்கள், சரி. பணம் வந்த வழியையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டாமா? ஒரு பக்கம் மட்டும் எழுதினால் எந்தப் பேரேடும் டேலி ஆகாது.

"வில்லுப்பாட்டு சபா சமாச்சாரம் இல்லையே!"

அடுத்த ஆட்சேபணை இது. கட்டபொம்மன் கதைப்பாடல் தெருவில், கோயில் கொடையில் பாடுவது. அறைக்குள் உட்கார்ந்து கேட்கிற நுட்பமான இசை இல்லை என்பார்கள். நுட்பமான அறை இசைக்கு இலக்கணம் என்ன? ஆள் குறைவு, ஒவ்வொரு கருவிக்கும் தனி வேலை, கேட்கிறவன் பக்கத்திலேயே இருப்பது. வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை என்று ஐந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் அடியை எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற வில்லுப்பாட்டுக்கு இதில் எது குறைகிறது? ஊர்ச்சாவடியில் உடுக்கடித்துப் பாடினால் தெருவிசை, ஏ.சி. ஹாலில் நான்கு பேர் வாசித்தால் அறை இசை. வித்தியாசம் ஏ.சி.யில்தான் இருக்கிறது போல.

அந்தக் கதைப்பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்தார். 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோட்டையை இடித்து, ஊரை அழித்து, எல்லாவற்றையும் துடைத்த பிறகும் சண்டையின் நினைவு இருந்தது பாட்டில்தான். இங்கே காகிதத்தில் எழுதி வைக்கிற வசதி ஜெயித்தவனுக்கு இருந்தது. எட்டயபுரம் தன் பரம்பரைக் கதையை 1879ல் "வம்சமணி தீபிகை" என்று அச்சுப் போட்டுக்கொண்டது. தோற்றவனிடம் இருந்தது உடுக்கு மட்டும்.

எதிரிகூட எழுதி வைத்த ஒரு காட்சியைப் பாருங்கள். சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி 1830ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். கோட்டை விழுந்த பிறகு ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போகிறாள். மகன் உயிர் ஊசலாடக் கிடக்கிறான். என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றால் ஊமைத்துரை. அவள் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, துணியால் மூடி, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்கிறாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

இதற்கு மேல் ஒரு போர்க்கால இசைக்கு என்ன வேண்டும்?

உண்மையான பயம்

மேலே சொன்ன ஆட்சேபணைகள் எல்லாம் சும்மா. விழா நடத்துகிறவர்களின் நிஜமான பயம் வேறு. "ஜாதிப் பிரச்சினை ஆயிரும் தம்பி."

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டபொம்மன் படையில் இருந்து 1799ல் மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர் எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. 1799ல் ஒரே கோட்டைக்குள் நின்று செத்தவர்களை 200 வருடம் கழித்து ஜாதிவாரியாகப் பிரித்துக்கொண்டதுதான் இந்தச் சீமையின் சாதனை. இத்தனைக்கும் எதிரெதிராக நின்ற பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் இரண்டு பாளையக்காரர்களும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். சிலை வைத்தால் அதற்கு ஒரு பீடம் வேண்டும், பீடத்துக்குக் கல்வெட்டு வேண்டும், கல்வெட்டில் ஒருவர் பெயர்தான் மேலே இருக்கும். சண்டை அங்கே ஆரம்பிக்கிறது. பெயர்ப்பலகையும் அப்படித்தான். ஒரு சாயங்காலக் கச்சேரிக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஜெயித்த பக்கத்துப் பாட்டு முடிந்ததும் தோற்ற பக்கத்துப் பாட்டு வரும். இரண்டையும் ஒரே கூட்டம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும். பாஞ்சாலங்குறிச்சியில் 1974ல் கட்டிய நினைவுக் கோட்டை செய்யாததை இரண்டு மணி நேரக் கச்சேரி செய்யலாம்.

நிகழ்ச்சி நிரலுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் ஹைடனின் நால்வர் இசையிலிருந்து அந்த இரண்டாம் பகுதி. அடுத்து நோட்டுஸ்வரம் நாலைந்து, அந்த இங்கிலாந்து மெட்டு கட்டாயம். பிறகு கதைப்பாடலில் கோட்டை விழுகிற இடம், வில்லுப்பாட்டுக் குழு. அப்புறம் பாரதி. எட்டயபுரத்தில் பிறந்தவர், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது புதுச்சேரியில் இருந்தார். பெல்ஜியத்தை வாழ்த்தி எழுதினார். அவருடைய "கண்ணன் பாட்டு" முதல் பதிப்பு வந்ததும் 1917, போர் முடியாத வருடம். கச்சேரி கடைசியில் துக்கடாவாகப் பாடித் தள்ளுகிற அந்தப் பாட்டுகளை, போர்க்காலத்தில் ஒரு மனிதன் குழந்தையையும் காதலியையும் பற்றிப் பாடியதாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடிவில் விளாத்திகுளம் சுவாமிகள் நினைவாக ஒரு ராக ஆலாபனை. 1799ல் பாளையத்தைப் பறிகொடுத்த காடல்குடியின் ஜமீன் வழியில் வந்தவர் அவர். கி.ரா. அவரிடம் சங்கீதம் கற்க ஆசைப்பட்டுப் போனவர்.

இதற்குப் பெரிய ஹால் வேண்டாம், கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி போதும். காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை வைத்திருக்கிற ஊர் இது, பாட்டுக் கேட்கத் தெரியாத ஊர் கிடையாது. சபாக்காரர்கள் அமிர்தவர்ஷிணிக் கதையை அங்கேயும் தாராளமாகச் சொல்லட்டும். சொல்லி முடித்த கையோடு, மழை பெய்த அந்த நிலத்தில் யார் யாருடைய நிலமெல்லாம் சேர்ந்திருந்தது என்பதையும் மைக்கில் ஒரு வரி சொல்லிவிடட்டும்.