மகாராணியின் பெட்டிக்கு மியூசியம், சீசன் டிக்கெட்காரரின் பெட்டிக்குக் காயலான் கடை

தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பையனுக்கு, தன் ஊரில் ஓடிய பழைய மின்சார என்ஜினைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்!

ஜோக் இல்லை. பீச் - தாம்பரம் - விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்.சி.ஜி.1, ஒய்.ஏ.எம்.1 என்ற இரண்டு வகை என்ஜின்களும் சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. முதலாவது இங்கிலாந்தில் செய்து 1930களில் இங்கே ஓடத் தொடங்கியது. இரண்டாவது 1960களில் ஜப்பானின் மிட்சுபிஷியிலிருந்து கப்பலேறி வந்தது, மொத்தம் 20 என்ஜின்கள். டெல்லிக்காரருக்கு இவற்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் வரிசையில் இன்னொரு என்ஜின் என்று பார்த்துவிட்டு டாய் டிரெயின் ஏறப் போய்விடுவார். அதில் ஏறி வேலைக்குப் போன குரோம்பேட்டை குமாஸ்தாவின் பேரனோ அப்படி ஒரு என்ஜின் இருந்ததே தெரியாமல் பிளாட்பாரத்தில் செல்போனைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

இதில் யார் மேல் தப்பு?

கொஞ்சம் பழைய கதை. சென்னையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் 1931. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1925ல் பம்பாயில் தொடங்கியிருந்தது. தென்னிந்தியாவில் மின்சார ரயிலைக் கண்ட முதல் பாதை பீச் - தாம்பரம்தான். சுமார் 30 கி.மீ. தூரம். அன்றைக்கு 1,500 வோல்ட் டி.சி. கரண்ட். 1967ல் அதை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவிலேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது இந்த ஒரு வழித்தடத்தில் மட்டும்தான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இல்லாத ஒன்று தாம்பரத்தில் இருந்தது என்று அர்த்தம். 2004ல் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. 73 வருஷக் கதை முடிந்தது.

அந்த 73 வருஷத்தில் இந்த ரயில் செய்த வேலை என்ன? தென் சென்னைப் புறநகர் என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதை உண்டாக்கியதில் பெரிய பங்கு இதற்குத்தான். தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழும்பிய ஊர். மாம்பலம் ஸ்டேஷனையும் அடிக்கொரு மின்சார ரயிலையும் எடுத்துவிட்டு அந்த ஊரை யோசித்துப் பாருங்கள். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியின் பெயர் இன்றும் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறது, தாம்பரம் சானடோரியம். தோல் தொழிற்சாலையின் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர் குரோம்பேட்டை. 1937ல் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1949ல் ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் வந்தது. பாரிமுனையில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்ற வாழ்க்கை சாத்தியமானது ஒரு சீசன் டிக்கெட்டால்.

இப்படிப்பட்ட ரயிலுக்கு அது ஓடிய ஊரில், அதன் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிற ஓர் இடம் வேண்டாமா? வேண்டும் என்றால் உடனே நாலு பதில் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பதில்: "அதான் சென்னையில் ரயில் மியூசியம் இருக்கே!" இருக்கிறது. ஐ.சி.எஃப். பக்கம் 2002ல் திறந்தார்கள். நல்ல மியூசியம்தான், யாரும் குறை சொல்லவில்லை. திருச்சியிலும் 2014ல் ஒன்று வந்தது. ஆனால் ஐ.சி.எஃப். மியூசியம் சொல்ல வேண்டிய கதை பெட்டி செய்யும் தொழிற்சாலையின் கதை. திருச்சி சொல்ல வேண்டியது பொன்மலைப் பட்டறையின் கதை. தாம்பரத்தின் கதை தினமும் ஏறி இறங்கிய ஜனங்களின் கதை. அதை வில்லிவாக்கத்தில் வைத்துச் சொல்வது, கல்யாணத்தைப் பக்கத்துத் தெருவில் நடத்துவது மாதிரி.

இரண்டாவது பதில்: "லோக்கல் டிரெயின்ல என்னப்பா பாரம்பரியம்?" கோபம் வர வேண்டிய இடம் இதுதான். எதையெல்லாம் பாரம்பரியம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்? டெல்லியில் 1875ல் வேல்ஸ் இளவரசருக்காகச் செய்த சலூன் பெட்டி இருக்கிறது. மைசூர் மியூசியத்தில் மகாராணியின் சலூன் இருக்கிறது. பாட்டியாலா மகாராஜா ஊரின் மோனோரயில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் பயந்து ஊட்டி ஏறிய நீலகிரி மலை ரயிலுக்கு 2005ல் யுனெஸ்கோ அந்தஸ்து கிடைத்தது. எல்லாம் சரி, இருக்கட்டும். அவற்றில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த சலூனில் வாழ்க்கையில் பத்துத் தடவை போனவர் யார்? ராஜ குடும்பம். மீட்டர் கேஜ் லோக்கலில் போனவர்கள்? டிபன் பாக்ஸோடு குமாஸ்தா, கூடையோடு பூக்காரம்மா, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகிற பெண், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்பட்ட நோயாளி. ராஜா உட்கார்ந்த சீட் பாரம்பரியம், ஜனங்கள் நின்றுகொண்டே போன இடம் பழைய இரும்பா? நாட்டில் ராஜாக்களின் மானியத்தையே 1971ல் ஒழித்தாகிவிட்டது. மியூசியத்தில் மட்டும் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் :-)

மூன்றாவது பதில்: "காசு யார் கொடுப்பது?" காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பிடித்த கேள்வி. ஒரு பெட்டியை வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஸ்கிராப் மதிப்பு என்று ஒன்று நிற்கும். பெட்டியை ஏலத்தில் விட்டு அந்தத் தொகையை வரவு வைத்தால் கணக்கு முடிந்தது. அந்தக் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை, அது ஓடுகிற பெட்டிக்கான கணக்கு. ஆனால் ஒரு வகையில் கடைசியாக மிஞ்சும் ஒரே ஒரு பெட்டிக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் தப்பு. முதல் நூறு பெட்டிகளும் இரும்பு விலைக்குப் போகலாம். நூற்றியோராவதுக்கு விலை இரும்பில் இல்லை. பிரிட்டனில் 2009ல் பாரம்பரியச் சொத்துகளுக்கென்றே தனியாக ஒரு கணக்கியல் தரம் கொண்டுவந்தார்கள். விற்பதற்காகவோ சம்பாதிப்பதற்காகவோ இல்லாமல், அறிவுக்கும் பண்பாட்டுக்கும் பயன்படுவதால் வைத்திருக்கும் பொருளை வேறு விதமாகப் பதிய வேண்டும் என்பது அதன் சாரம். பேலன்ஸ் ஷீட் போடுகிறவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. டேலி சாஃப்ட்வேரில் அதற்கு இடம் இல்லை என்பதற்காக மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு மீட்டர் கேஜ் பெட்டியைக் கூரை போட்டு நிறுத்தி வைக்க ஆகும் செலவும், புது ஸ்டேஷன் கட்டடத்துக்குக் கண்ணாடி முகப்பு வைக்க ஆகும் செலவும் ஒன்றா என்ன? காசு ஒரு சாக்கு. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு. 1855ல் செய்த ஒரு நீராவி என்ஜினைப் பெரம்பூர் லோகோ பட்டறை ஊழியர்கள் 2010ல் திரும்ப ஓட வைத்துக் காட்டினார்களே! நூற்றைம்பது வயசு என்ஜினை எழுப்பி நடக்க வைக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு லோக்கல் பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கத் தெரியாதா?

நாலாவது பதில்தான் ரொம்ப ஆபத்து: "சரி, ஒரு ஹெரிடேஜ் பார்க் கட்டிடலாம்!" உடனே ஒரு படம் கண்ணில் வரும். வட்டமாகப் புல்தரை, நடுவில் பெயிண்ட் அடித்த என்ஜின், சுற்றிலும் சங்கிலி, ஒரு செல்ஃபி பாயிண்ட், குழந்தைகளுக்கு டாய் டிரெயின், வாசலில் பாப்கார்ன். திறப்பு விழாவுக்கு வந்தவர் பெயர் கல்வெட்டில் பெரிசாக. என்ஜின் எங்கே ஓடியது, யார் ஓட்டினார்கள் என்பது ஒரு வரியில், அதுவும் துருப்பிடித்த போர்டில். இப்படி ஒன்று வருவதற்கு வராமலே இருக்கலாம். டாய் டிரெயின் இருந்தால் கூட்டம் வரும், டிக்கெட் காசு வரும், உண்மைதான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் குழந்தை வெளியே வரும்போது டாய் டிரெயின் மட்டும் ஞாபகம் இருந்தால் அது மியூசியம் இல்லை, பொருட்காட்சி.

அப்படியானால் வேண்டியது என்ன? பெரிய பட்டியல் இல்லை.

ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் பத்தடி நீளத்துக்கு இரண்டு தண்டவாளம். ஒன்று 1,000 மில்லிமீட்டர், மற்றது 1,676 மில்லிமீட்டர். கேஜ் மாற்றம் என்றால் என்ன என்று புத்தகம் படிக்காத குழந்தைக்கும் கால் வைத்து நடந்தாலே புரியும்.

இரண்டு, டெல்லியில் இருப்பதில் ஒரு என்ஜினைக் கடனாகவாவது ஊருக்குக் கொண்டுவருவது. மியூசியங்கள் பொருட்களைக் கடன் கொடுத்து வாங்குவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

மூன்று, வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கும் பழைய சீசன் டிக்கெட், அட்டை டிக்கெட், டைம் டேபிள், போட்டோ எல்லாவற்றையும் கேட்டு வாங்குவது. இதற்குப் பணமே வேண்டாம். செங்கல்பட்டு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு போர்டு வைத்தால் போதும்.

நான்கு, இதுதான் முக்கியம். ஆட்களின் குரல். மோட்டார்மேன், கார்டு, கேட்கீப்பர், டிக்கெட் கவுன்டர்காரர், போர்ட்டர், பிளாட்பாரத்தில் சுண்டல் விற்றவர். 1967ல் டி.சி.யிலிருந்து ஏ.சி.க்கு மாறியபோது வண்டி ஓட்டும் விதத்தில் என்ன மாறியது? மழைக் காலத்தில் எந்த இடத்தில் சக்கரம் வழுக்கும்? இதெல்லாம் ஃபைலில் இருக்காது. ஓட்டியவர் கையிலும் வாயிலும் இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி இத்தனை காலேஜ் இருக்கிறது. ஒரு மைக், ஒரு செல்போன், ஒரு செமஸ்டர் போதும். பிராஜெக்ட் என்ற பேரில் நெட்டிலிருந்து சுட்டு ஸ்பைரல் பைண்டிங் போடும் நேரத்தில் இதைச் செய்தால் உருப்படியாக ஏதாவது மிஞ்சும்.

அவசரம் எதற்கு என்றால், கணக்கு எளிது. பீச் - தாம்பரம் மின்சார ரயிலுக்கு 2031ல் நூறு வயசு. அன்றைக்கு நிச்சயம் விழா நடக்கும், வாழைமரம் கட்டுவார்கள், கேக்கும் வெட்டுவார்கள். 1967ல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு மோட்டார்மேனுக்கு அப்போது 89 வயசு. எத்தனை பேர் இருப்பார்கள்? இருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? இரும்பு துருப்பிடித்தாலும் காத்திருக்கும். மனுஷன் காத்திருக்க மாட்டான்.

என்ஜின் டெல்லியில் பத்திரமாக இருக்கிறது, பத்து வருஷம் கழித்துக்கூடப் போய்க் கேட்கலாம். தாம்பரத்தில் ஏதோ ஒரு சந்தில் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்க வேண்டும். காயலான் கடைக்குப் போனது போகட்டும். மிச்சம் இருப்பது அவர்தான்.