மண்ணின் வில்லங்கம்

நிலம் வாங்குவோர் கிரயத்திற்கு முன் வில்லங்கம் பார்ப்பது வழக்கம். அதில் அடமானம் தெரியும். மண்ணில் இறங்கிய இரசாயனக் கழிவு தெரியாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 1980-களில் இரசாயன ஆலைகள் ஏற்பட்ட பின், உப்பனாற்றை அடுத்த கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டது.

கெடுத்தவரே நஷ்டத்தை ஏற்கவேண்டும் என்று, பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஆலை வேறு கம்பெனிக்குக் கைமாறிய பின், கெடுத்தவர் யாரென்று ருசுப்படுத்துவது எளிதன்று. ஆதலால் கிரயத்திற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, அவ்வறிக்கையைச் சாசனத்துடன் சேர்க்கும்படி விதி செய்தல் அவசியம்.

அதுவரையில், கடலூர் முதல் சிதம்பரம் வரை ஆலைகளுக்கு அருகே பயிரிடும் குடியானவர்கள் ஆண்டுதோறும் தங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவைப் பத்திரப்படுத்துவார்களாக. பிற்காலத்தில் அதுவே அவர்களுக்குச் சாட்சியாகும்.