நடையும் நிற்றலும்

மரக்காணத்து உப்பளங்களில் கிழக்கு வெளுக்கும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் உச்சிக்கு ஏறுமுன் உப்பை வாரிக் குவித்துக் கரையேறிவிடுவது அங்கு உழைப்போரின் வழக்கம். கால் எவ்வளவு நேரம் உவர்நீரைத் தாங்கும், கண் எவ்வளவு நேரம் உப்பின் வெண்மையைத் தாங்கும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆயினும், வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கோடு உழைத்தவர்களும் முதுமையில் தலயாத்திரை புறப்படும்போது, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வதுண்டு.

அத்தகைய முதிய தம்பதியர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். பேரன் நோயிலிருந்து பிழைத்தெழுந்தால் திருவண்ணாமலையை வலம் வந்து அண்ணாமலையாரைத் தரிசிப்பதாக அம்மையார் நேர்ந்துகொண்டார். பேரனும் நலமடைந்தான். நேர்த்திக்கடனைச் செலுத்தப் பௌர்ணமி நாளைத் தேர்ந்தனர். திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய 100 கி.மீ. பேருந்துப் பயணம், இறங்கியவுடன் 14 கி.மீ. கிரிவலம்; உறக்கமின்றி விடியலில் தரிசன வரிசை. மலையைச் சுற்றியபோது தளராத அம்மையார், வரிசையில் நின்றபோது கண் இருண்டு சாய்ந்தார். சந்நிதியைக் காணாமலேயே ஊர் திரும்ப நேர்ந்தது. "சாமி என்னைத் திருப்பி அனுப்பிட்டாரே" என்ற எண்ணமே அதன்பின் அவர் மனத்தை அரித்தது.

இத்தகைய மனக்குறை பல இல்லங்களில் உண்டு. இறைவன் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. பிழை நேர்ந்தது யாத்திரையை வகுத்த முறையில்தான்.

நடப்பது கடினம், நிற்பது எளிது என்றே பலரும் எண்ணுகின்றனர். முதிய உடலுக்கு இது பெரும்பாலும் பொருந்துவதில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கீழிறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நிற்கும்போது அத்துணை இல்லை; இரத்தம் கால்களில் தேங்குகிறது, தலை சுற்றுகிறது. உணவும் நீரும் குறைந்திருந்தால் மயக்கம் விரைந்து வருகிறது. ஆகவே நீண்ட நடையையும் நீண்ட வரிசையையும் ஒரே நாளில் சேர்க்கலாகாது.

"உடல் வருந்தாமல் செய்வது நேர்த்திக்கடன் ஆகுமா?" என்ற ஐயம் எழலாம். அதற்குப் பெரியபுராணத்திலேயே விடை உண்டு. முதிய வயதில் திருநாவுக்கரசர் கயிலைக்குப் புறப்பட்டார். பாதங்கள் தேய்ந்தன; கைகளால் தவழ்ந்தார்; மார்பால் ஊர்ந்தார்; உருண்டும் சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மனித உடலால் கயிலையை அடைதல் அரிது, திரும்புக என்றார். நாவுக்கரசர் உறுதி தளரவில்லை. அப்போது ஒரு பொய்கையைக் காட்டி, அதில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சியைக் காணுமாறு இறைவன் அருளினார். அடியாரின் உறுதியை ஏற்ற இறைவன், அவர் உடல் மேலும் தேய்வதை ஏற்கவில்லை. தரிசனம் மறுக்கப்படவில்லை, அதற்கான வழி மட்டுமே மாறியது.

திருஞானசம்பந்தர் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பெண்ணாகடத்திலிருந்து திருவரத்துறைக்குச் சென்றபோது, தந்தையாரின் தோளில் ஏறாமல் அந்தக் குழந்தை நடந்தே வந்தது. அந்தப் பிஞ்சுக் கால்களின் வருத்தம் கண்ட இறைவன், முத்துச் சிவிகை தந்தருளினார். சம்பந்தரும் அதைத் திருவருளென்றே ஏற்றார். இன்று பழனியில் மின் இழுவை ரயிலும், 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலையில் 2024இல் திறக்கப்பட்ட ரோப் காரும் முதியோரை மேலே கொண்டு செல்கின்றன. அவற்றில் ஏறுவதால் பக்தி குறைந்துவிடாது. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் அவ்வாறே.

ஆதலால் யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்வது நலம். ஓய்வின்றி எவ்வளவு நேரம் நடக்க இயலும் என்பது ஒன்று. அமராமல் எவ்வளவு நேரம் நிற்க இயலும் என்பது மற்றொன்று. மரக்காணத்தார்க்கு இதை அறிய வெளியூர் செல்ல வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீஸ்வரர் கோயிலுக்குக் காலையில் நடந்து சென்று பிராகாரத்தை வலம் வந்தாலே போதும். வழிபாடும் ஆகும், ஒத்திகையும் ஆகும். இருவர் செல்வதாயின், இருவரில் இயலாதவரின் அளவே யாத்திரையின் அளவாக வேண்டும்.

அடுத்து, நாளைத் தேர்தல். பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் சிறப்புடையவை. கூட்டமும் அன்றுதான் மிகுதி. மலைவலம் எந்நாளிலும் செய்யத்தக்கது. விடுமுறை அல்லாத சாதாரண நாளில் வரிசையும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். முதல் நாள் மாலையில் ஊரை அடைந்து, 217 அடி உயர ராஜகோபுரத்தை வெளியிலிருந்தே வணங்கி, உண்டு உறங்குவது முதற்படி. மறுநாள் காலை நடை திறந்த சிறிது நேரத்தில் தரிசனம் முடித்தால் கல் தரையும் சுடாது. நண்பகலில் நடை சாத்தும் நேரத்தை ஒட்டி வரிசையில் சேர்ந்தால், மீண்டும் திறக்கும் வரை காத்திருக்க நேரலாம். தரிசன நாளில் கிரிவலம் வேண்டா. அதை மற்றொரு நாளுக்கோ மற்றொரு பயணத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கிரிவலத்தை நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் மெல்ல நடந்து செய்ய வேண்டும் என்பது பெரியோர் மரபு. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் பாதையில் உள்ளன. ஒவ்வொன்றையும் வணங்கியபின் சற்று அமர்ந்தால் நீண்ட வழி சிறு சிறு பகுதிகளாகிவிடும். முழுவதும் இயலாதவர் ஒரு பகுதியை நடந்து, எஞ்சியதை ஆட்டோவில் சுற்றி வரலாம்.

எந்தத் தலத்திலும் வரிசையில் சேருமுன் நான்கு செய்திகளைக் கேட்டறிவது நன்று. இடையில் அமர இடமுண்டா? குடிநீர் உண்டா? கழிப்பறை உண்டா? இயலாதபோது நடுவில் வெளியேற வழியுண்டா? முதியோர்க்குத் தனிவழி இருப்பின் கோயில் அலுவலகத்தில் முன்னரே கேட்டு, வயதுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும்.

நிற்கும்போது குதிகால்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதும், உடலின் எடையைக் கால் மாற்றித் தாங்குவதும் இரத்த ஓட்டத்துக்குத் துணை. தலை சுற்றினால் கூச்சமின்றி அங்கேயே தரையில் அமர்ந்துவிட வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலிருப்பது, குறிப்பாகப் பெண்கள் செய்யும் பெரும் பிழை. சர்க்கரை நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் விரதமிருத்தலும் மாத்திரையை விடுதலும் கூடா. சுடு கல்லில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் கூடத் தெரியாமற் போகலாம் என்பதால், அறைக்குத் திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மையார்க்கும் இதுவே வழி. மலைவலம் முன்னரே நிறைவேறிவிட்டது. எஞ்சியது தரிசனம் மட்டுமே. கூட்டமில்லாத ஒரு நாளில், நன்கு உறங்கியெழுந்த காலையில், கணவர் கைபிடித்து உள்ளே சென்றால், சந்நிதியின் எதிரே நிற்கும் அந்தச் சில கணங்களுக்கு வேண்டிய வலிமை அவர் கால்களில் மிஞ்சியிருக்கும். யாத்திரைக்கான ஏற்பாடுகள் அனைத்தும் அந்தச் சில கணங்களுக்காகவே.