18 பைசா காயின் 200 ரூபாயைத் தாண்டிய கதை... 'அடுத்தது எது?' என்று தேடுபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

மணப்பாறை மாட்டுச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர், விலை கேட்பதற்கு முன்பே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிடுவார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

மணப்பாறையோ, திருச்சியோ, ஸ்ரீரங்கமோ... கைபேசி வைத்திருக்கும் யாருக்கும் இன்று ஒரு டெலிகிராம் செய்தி வரலாம். 'அடுத்த பாலிகான் இதுதான். இப்ப விலை 10 பைசா. ரெண்டு வருஷத்துல 100 ரூபாய்!' இதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு காயின். 500 ரூபாய்தானே, போட்டுப் பார்ப்போம் என்று கை போய்விடுகிறது. மாட்டுக்குப் பல் இருக்கிறது. இந்தக் காயினுக்கு எதைப் பார்ப்பது?

அந்தச் செய்தியில் வரும் 'பாலிகான்' கதை பொய்யில்லை. அதுதான் இதில் உள்ள சிக்கலே. 2017-ல் ஜெயந்தி கனானி, சந்தீப் நெய்ல்வால், அனுராக் அர்ஜுன் என்ற மூன்று இந்திய இளைஞர்கள் தொடங்கிய நெட்வொர்க் அது. அப்போது அதன் பெயர் மேட்டிக். எத்தீரியம் நெட்வொர்க்கில் ஒரு பரிவர்த்தனை செய்ய அதிக நேரமும் அதிக கட்டணமும் ஆகிறது என்பதால், பக்கத்திலேயே ஒரு மலிவான பாதை போட்டுக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் பைனான்ஸ் தளத்தில் மேட்டிக் காயினை முதன்முதலாக விற்றபோது, ஒன்றின் விலை 0.00263 டாலர். நம் காசில் சுமார் 18 பைசா. 2021 டிசம்பரில் அதே காயின் 2.90 டாலரைத் தொட்டது, அதாவது 200 ரூபாய்க்கு மேல். முதல் நாள் 10,000 ரூபாய் போட்டு, உச்சத்தில் சரியாக விற்றவர் கையில் ஒரு கோடி ரூபாய் இருந்திருக்கும்.

இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் ஆயிரம் காயின்கள் விற்கப்படுகின்றன. கதையின் அடுத்த பாதியை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

நோட்டு வேறு, காசு வேறு

ஊரில் சீட்டு நடத்துகிறவர் ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் எவ்வளவு கட்டினார், யார் எடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டு ஒருவரிடம் மட்டும் இருப்பதால்தான், அவர் ஊரைவிட்டு ஓடினால் எல்லோரும் தலையில் கை வைக்கிறார்கள். அதே நோட்டின் நகல் சீட்டுக் கட்டும் ஒவ்வொருவரிடமும் இருந்து, ஒருவர் எழுதும் வரி எல்லோருடைய நோட்டிலும் தானாக ஏறிவிட்டால்? யாரும் பிறகு அடித்துத் திருத்த முடியாது. பிளாக்செயின் என்பது ஏறத்தாழ இதுதான். அந்த நோட்டில் ஒரு வரி எழுதக் கொடுக்கும் கட்டணம்தான் அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயின்.

பாலிகான் நோட்டில் உண்மையாகவே வரிகள் எழுதப்பட்டன. 2022-ல் மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில், எட்டாபள்ளி என்ற பழங்குடிப் பகுதியில் 65,000 சாதிச் சான்றிதழ்களை இந்த நெட்வொர்க்கில் பதிவு செய்யும் வேலை நடந்தது. போலிச் சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்யத்தான். அதே ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் காவல்துறை, பொதுமக்கள் புகார்களை இதே நெட்வொர்க்கில் பதிவு செய்யும் தளத்தைத் தொடங்கியது. கொடுத்த புகாரை ஸ்டேஷனில் யாரும் 'காணாமல்' போக்க முடியாது என்பது இதில் உள்ள விசேஷம்.

நெட்வொர்க் வளர்ந்தது, பயன்பாடு பெருகியது. காயின் விலை? 2025 இறுதியில், தன் பழைய உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடந்தது. இடையில் 2024 செப்டம்பரில் மேட்டிக் என்ற காயினே போய், பிஓஎல் என்ற புதிய காயினாக மாறிவிட்டது. 2021 கடைசியில் 'இந்தியர்களின் நெட்வொர்க், நிச்சயம் வளரும்' என்று நம்பி வாங்கியவர்களின் நம்பிக்கை பொய்க்கவில்லை. பணம்தான் போனது.

இது எப்படி நடக்கும்? மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் முறுக்கு எது, மணப்பாறை பெயரை ஒட்டிய முறுக்கு எது என்று காட்ட, ஒவ்வொரு பாக்கெட்டின் விவரத்தையும் பிரபலமாகாத ஒரு பிளாக்செயினில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிவுக்கு சில பைசா கட்டணம். அந்த மலிவுக்காகத்தான் அந்த நெட்வொர்க்கையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். காயின் விலை 100 மடங்கு ஏறி, கட்டணமும் கூடவே ஏறினால் முறுக்குக்காரர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த மலிவான நெட்வொர்க்குக்குப் போவார்கள். கட்டணத்தை ஏறவிடாமல் நெட்வொர்க் பார்த்துக்கொண்டால், லட்சம் பாக்கெட் பதிவானாலும் அதற்குத் தேவைப்படும் காயின் கொஞ்சமாகவே இருக்கும். சின்ன நெட்வொர்க்குகள் 'எங்களிடம் கட்டணம் குறைவு' என்று பெருமையாகச் சொல்லும்போது, காயின் வாங்கி வைத்திருப்பவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட பெரிதாக ஒன்றுமில்லை.

தமிழ்நாடு அரசிடமே ஒரு பிளாக்செயின் இருக்கிறது. 2020-ல் அதற்கென்று கொள்கை வெளியிட்டு, மின் ஆளுமை முகமை மூலம் 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் உருவாக்கினார்கள். அதில் பொதுமக்கள் வாங்கவோ விற்கவோ காயின் எதுவும் கிடையாது. காயின் இல்லாமலும் நோட்டு நடக்கும். 'தமிழ்நாடு அரசு பிளாக்செயின் காயின்' என்று யாராவது லிங்க் அனுப்பினால், திறக்காமலே அழித்துவிடலாம்.

'ஒரு ரூபாய் ஆகாதா?'

சின்ன காயின்களில் ஆசை பிறப்பதே விலையைப் பார்த்துத்தான். பிட்காயின் ஒன்று பல லட்சம் ரூபாய். இதுவோ பைசாவிலும் பைசா. 'ஒரு ரூபாய் ஆனால் போதுமே!' என்பார்கள்.

ஷிபா இனு காயினையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சொந்த நோட்டு என்று தனியாக இருக்கவில்லை. எத்தீரியத்தின் மேல் உருவான காயின் அது. புழக்கத்தில் இருப்பது சுமார் 589 லட்சம் கோடி காயின்கள். ஒன்று ஒரு ரூபாய் ஆனால், மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25-ல் இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தியான எல்லாப் பொருட்கள், சேவைகளின் மதிப்பே சுமார் 330 லட்சம் கோடி ரூபாய்தான். ஒரு காயினின் விலை மட்டும் எதையும் சொல்லாது. விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கைபேசி கால்குலேட்டர் போதும்.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இன்று புழக்கத்தில் இருப்பது ஒன்று, மொத்தமாக வரப்போவது இன்னொன்று. மேட்டிக்கின் மொத்தம் 1,000 கோடி காயின்கள். 2019-ன் அந்த முதல் பொது விற்பனையில் போனது 19 சதவிகிதம்தான். மீதி குழுவினர், ஆலோசகர்கள், அறக்கட்டளை என்று பிரித்து வைக்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இது மோசடி இல்லை, முன்கூட்டியே அறிவித்த ஏற்பாடு. ஆனால், புதிய காயின் சந்தைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அதை வாங்க ஒரு புதிய ஆள் வேண்டும். எந்தக் காயினுக்கும் இந்த இரண்டு எண்களும் காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், இன்னும் நிறைய மூட்டை இறங்கப் போகிறது என்று அர்த்தம்.

அந்தக் காயின்கள் யார் கையில் இருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். நோட்டு எல்லோருக்கும் பொது என்பதால், 'எக்ஸ்புளோரர்' எனப்படும் பக்கத்தில் அதிகம் வைத்திருக்கும் கணக்குகளின் பட்டியல் இருக்கும். பெயர் இருக்காது, அளவு இருக்கும். ஷிபா இனுவை உருவாக்கியவர்கள் அதில் பாதியை, எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரினுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் கேட்கவில்லை. 2021 மே மாதம், இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்காக அதில் 50 லட்சம் கோடி காயின்களை அவர் தானமாகக் கொடுத்தார். அன்றைய விலையில் 100 கோடி டாலருக்கு மேல்! நல்ல காரியம்தான். ஆனால், இவ்வளவும் விற்பனைக்கு வரும் என்று தெரிந்ததுமே விலை சரிந்தது. ஒரே ஒருவர் பையைத் திறந்தால் விலை விழும் காயினில், திரையில் காட்டும் விலை நம் கைக்கு வரும் விலை அல்ல.

வாங்குவது சுலபம், விற்பது?

பெருந்துறை ஈமு கோழியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சுசி ஈமு பண்ணை விவகாரம் வெடித்தபோது பறவைகள் உண்மையாகவே இருந்தன. தீனி தின்றன, வளர்ந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை.

வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் வெளியிட்ட டபிள்யூஆர்எக்ஸ் காயினுக்கும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். 2020-ல் 2 சென்ட்டுக்கு விற்பனையான அது, 2021 ஏப்ரலில் 5 டாலரைத் தாண்டியது. பிறகு சரிந்துகொண்டே வந்தது. 2024 டிசம்பரில் பைனான்ஸ் தளம் அதைத் தன் பட்டியலில் இருந்தே நீக்குவதாக அறிவித்ததும், மிச்சமிருந்த விலையும் பாதிக்கு மேல் போனது. சின்ன காயினுக்குப் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றுதான் வாசல். அது மூடினால் விற்க வழியில்லை. காயின்கெக்கோ நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, 2021-ல் இருந்து பட்டியலுக்கு வந்த சுமார் 70 லட்சம் காயின்களில் பாதிக்கு மேல் வர்த்தகமே இல்லாமல் செத்துவிட்டன.

இதைவிட மோசம், நோட்டே சரியாக இல்லாத காயின்கள். அமித் பரத்வாஜ் நடத்திய 'கெயின்பிட்காயின்' திட்டம், மாதம் 10 சதவிகிதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பிட்காயின் வாங்கியது. 2017-ல் திருப்பித் தர முடியாத நிலை வந்தபோது, 'எம்கேப்' என்று தானே உருவாக்கிய ஒரு காயினைக் கையில் கொடுத்தது. பிட்காயினைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது வெளியே மதிப்பில்லாத காயின். அவர் 2018-ல் கைதாகி, 2022-ல் இறந்தும் போனார். விசாரணை அமைப்புகள் சொல்லும் மோசடித் தொகை சுமார் 6,600 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில்கூட சிபிஐ இந்த வழக்கில் நாடு முழுக்கச் சோதனை நடத்தியது.

வரி போடும் கணக்கு

'அஞ்சு காயின்ல கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்போம், ஒண்ணு ஏறினா போதும்' என்பது பலரும் சொல்லும் யோசனை. இந்தியாவில் அது எப்படி வேலை செய்யும் என்று பார்க்கலாம். ஐந்து காயின்களில் தலா 10,000 ரூபாய். நான்கு பூஜ்ஜியமாகிவிட்டன; நஷ்டம் 40,000. ஒன்று 50,000 ஆகிறது, லாபம் 40,000. போட்ட 50,000 அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று நினைப்போம். வருமான வரித்துறை அப்படி நினைக்காது. 2022 பட்ஜெட்டில் வந்த விதிப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி, அதன்மேல் 4 சதவிகித செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆக, 40,000 ரூபாய்க்கு வரி 12,480 ரூபாய். மொத்தத்தில் லாபமே பார்க்காதவர் கையில் இருந்து போவது இது. விற்கும்போது பிடிக்கும் 1 சதவிகித டிடிஎஸ்ஸை இந்த வரியில் கழித்துக்கொள்ளலாம். அதில் மட்டும் ஒரு சின்ன ஆறுதல்.

சட்டப் பாதுகாப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. அந்த நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்தபோது, எக்ஸ்ஆர்பி காயின் வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு முக்கியமானது: கிரிப்டோ என்பது பணம் அல்ல, ஆனால் ஒருவருக்குச் சொந்தமான சொத்து. திருடுபோனது வேறு வகைக் காயின்கள் என்பதையும் நீதிமன்றம் கவனித்தது.

ஆனால், அந்த முதலீட்டாளருக்கு வழக்குப் போட எதிரே ஒரு இந்திய நிறுவனம் இருந்தது. 2023 மார்ச் முதல் இந்தியாவில் இயங்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் இயங்கிய பைனான்ஸ் உள்ளிட்ட 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த ஆண்டு இறுதியில் நோட்டீஸ் போனது. பைனான்ஸுக்கு 2024-ல் 18.82 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்கள். டெலிகிராமில் வரும் 10 பைசா காயின்கள் பலவும் இந்தப் பதிவுக்குள் வராத தளங்களில்தான் கிடைக்கும். அங்கே காணாமல் போனால் எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது?

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர்கள், பதிவு பெற்ற தளத்தில் மிகச் சிறிய தொகைக்கு வாங்கி, உடனே அதில் பாதியை விற்று, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடலாம். 'எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டு, டெபாசிட் கட்டு' என்று தளமே பணம் கேட்டால், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அந்த நிமிடமே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைத்து, பணம் அனுப்பிய யுபிஐ விவரங்களைச் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.