சலுகை போதாது, சட்டம் வேண்டும்

பிரஜாவுரிமை பறிபோனால் என்ன ஆகும் என்று மலையகத்தில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கதை பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டது. நம்மை யாரும் கேட்கவில்லை. ஆகவே ஐக்கிய அமெரிக்காவில் ஆவணமில்லாத இளைஞர்கள் நடத்திவரும் போராட்டம் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

இவர்கள் சிறு வயதில் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து பெற்றோரின் கைபிடித்து வந்தவர்கள். 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அரசாங்கப் பாடசாலையில் படிக்க முடிந்தது. படித்து முடித்த பிறகோ வேலை செய்ய அனுமதி இல்லை. எந்த நாளும் நாடுகடத்தப்படலாம்.

இவர்களுக்கு வழி திறக்க 2001இல் 'ட்ரீம்' சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அது நிறைவேறவில்லை. மற்றவர்கள் தமக்காகப் பேசட்டும் என்று காத்திருந்தது போதும் என்று இளைஞர்களே வெளியே வந்தார்கள். 2010 ஜனவரி முதலாம் திகதி நால்வர் மியாமியிலிருந்து வொஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 1,500 மைல் தூரம். அதே ஆண்டு மார்ச் மாதம் சிக்காகோவில் பகிரங்கமாக நின்று, தங்களிடம் ஆவணமில்லை, பயமும் இல்லை என்று அறிவித்தார்கள். ஒருவர் பிடிபட்டால் மற்றவர்கள் கையெழுத்துத் திரட்டி, அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுத்து, நாடுகடத்தலைத் தடுக்கப் போராடினார்கள். ஒளிந்திருப்பதைவிட ஒன்றுசேர்ந்து நிற்பதே பாதுகாப்பு என்று கண்டுகொண்டார்கள்.

அந்த டிசம்பரில் சட்டமூலம் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட் சபையில் 60 வாக்குகள் தேவைப்பட்டன, 55தான் கிடைத்தன. இளைஞர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜனாதிபதி ஒபாமாவை நெருக்கினார்கள். 2012 ஜூன் 15 அன்று 'டாக்கா' என்ற திட்டத்தை அவர் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு நாடுகடத்தல் இல்லை, வேலை செய்யலாம், பிறகு புதுப்பிக்கலாம். இலட்சக்கணக்கானோர் இதனால் பயனடைந்தார்கள்.

அது பெரிய வெற்றிதான். ஆனால் சட்டம் அல்ல, சலுகை. 2017இல் ட்ரம்ப் அரசாங்கம் அதை நிறுத்துவதாக அறிவித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தடுத்ததால்தான் திட்டம் தப்பியது. பிரஜாவுரிமை இன்னும் கிடைக்கவில்லை. ஓர் ஆட்சி கொடுத்த சலுகையை அடுத்த ஆட்சி எடுத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். "பிள்ளைகள் குற்றமற்றவர்கள்" என்று அரசியல்வாதிகள் பரிந்து பேசினார்கள். அப்படியானால் குற்றவாளிகள் பெற்றோரா? இளைஞர்கள் அந்தப் பரிவை ஏற்கவில்லை. பெற்றோருக்கும் சேர்த்தே உரிமை கேட்டார்கள். அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்ற குடும்பங்களில் பிறந்த நமக்கு இதன் நியாயம் புரியும்.

நம்முடைய நாடற்ற நிலைமையை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்த்தன. ஆனால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு பெயர் என்று அடையாள அட்டைக்கு அலையும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இன்றும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் எத்தனை! தோட்டம் இருக்க விடுகிறது என்பதும் ஒரு சலுகைதான். காணி உறுதி கையில் வரும்வரை அது உரிமை ஆகாது.

தோட்டக் கமிட்டிகளில் உள்ள தம்பிமாரே, தங்கைமாரே, லயம் லயமாகப் போங்கள். யாருக்கு அடையாள அட்டை இல்லை, யாருடைய பெயர் பிழை, யாருக்கு உறுதி இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மா அப்பாவின் பெயரையும் விடாதீர்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். பிரதேச செயலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவோம்.