கால் நிற்கும் தரை



வீடு மந்திரிக்கச் செல்லும் நாம் முதலில் மிதிப்பது அவ்வீட்டின் முகப்புத் தரையை. பசுமலையிலும் திருப்பரங்குன்றம் சாலையை ஒட்டிய புதிய தெருக்களிலும் எழும் வீடுகள் பலவற்றின் முகப்பில் வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு. பெயருக்குத்தான் அது வண்டியின் இடம். மாலையில் பாட்டி காற்று வாங்குவதும், பிள்ளைகள் பாடம் எழுதுவதும், பூக்காரியிடம் பேரம் பேசுவதும், துக்கம் கேட்க வருவோருக்கு நாற்காலி போடுவதும் அங்கேதான். ஆயினும் வீடு கட்டுவோர் மிகக் குறைவாகச் சிந்தித்துத் தரை தேர்ந்தெடுக்கும் இடமும் அதுவே.

ஈராண்டுக்கு முன் நம் பங்கிலுள்ள ஒரு வீட்டை மந்திரித்தோம். முகப்பிலிருந்து அடுக்களை வரை ஒரே வெண்ணிறப் பளபளப்பு ஓடு. வீட்டுத் தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய தாயார் மட்டும் சுவரைப் பிடித்தவாறு நம்மிடம் மெல்லச் சொன்னார்: "தரை அழகாத்தான் இருக்குது சாமி. ஆனா காலு நிக்க மாட்டேங்குது." நாமும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அந்தச் சிரிப்பை எண்ணிப் பின்னர் வருந்தினோம். ஐப்பசி மழையில் ஒரு மாலை, நனைந்த முகப்பில் இரண்டு அடி வைத்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் கட்டிலே கதியாயிற்று.

அடுத்த ஆனியில் அவ்வீட்டுத் தலைவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் கனடாவில் டொராண்டோ நகரை அடுத்துக் குடும்பத்தோடு வாழ்கிறார். வீட்டோடு ஒட்டிய கார் அறைக்குத் தரை போட வேண்டுமாம். வெறும் கான்கிரீட்டா, எபாக்சிப் பூச்சா, ரப்பர் விரிப்பா என்று தந்தையைக் கேட்டிருக்கிறார். தை மாதம் மருமகளின் பேறுகாலத்துக்குத் தந்தையும் தாயும் அங்கே போகவேண்டும். பனிக்காலத்தில் அந்நாட்டார் பலர் வீட்டுக்குள் நுழைவதே கார் அறை வழியாகத்தான். பிறந்த குழந்தையும் அவ்வழியாகவே வரும். "சாமி, ஒரே தவறை ரெண்டு தேசத்திலயும் செய்யக் கூடாது. நீங்க மண்டபம் கட்டினவங்க, ஒரு யோசனை சொல்லுங்க" என்றார். மேஸ்திரிமாரிடமும் விவரம் அறிந்தவரிடமும் நாம் கேட்டுத் தெளிந்தவற்றை இங்கே உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் கேள்வி: தரைமீது விழுவது எது? நம் ஊரில் மழைநீரும், செம்மண்ணும், எண்ணெய்த் துளியும். அங்கே உப்பு. சாலையில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த நீர் பூச்சியம் பாகைக்குக் கீழேதான் உறையும் என்பதே அதன் சூட்சுமம். காரின் அடியில் ஒட்டிய பனிச்சேறு, சூடேற்றிய அறைக்குள் வந்ததும் உருகி உப்புநீராகத் தேங்குகிறது. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்புநீர் அவற்றின் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு விரிவதால், அறையைச் சூடேற்றாத நாளில் மேற்பரப்பு செதிலாக உதிரும். அறை சூடாக இருந்தாலோ துருப்பிடிக்கும் வேகம் கூடும். ஆகவே அங்கே தரைக்கு மூடிய மேற்பரப்பு வேண்டும்; பூச்சு இல்லையேல், உப்புநீர் புகாதபடி ஊறித் தடுக்கும் மருந்தாவது கான்கிரீட்டுக்கு இடவேண்டும்.

இரண்டாம் கேள்வி: விழுந்த நீர் எங்கே போகும்? இதற்கு மதுரைக்கும் டொராண்டோவுக்கும் விடை ஒன்றே. மேஸ்திரிமார் சொல்லும் 'வாட்டம்' சரியாக இருக்கவேண்டும். அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சரிவு கொடுப்பது நலம். 20 அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம். வாட்டமில்லாத தரையில் எத்தனை விலையுயர்ந்த ஓட்டைப் பதித்தாலும் நீர் நிற்கும். நீர் நின்றால் கால் நிற்காது. ஓடு பதிக்குமுன் ஒரு குடம் நீரை ஊற்றி அது போகும் வழியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா? எபாக்சி பூசுவோர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். புதுக் கான்கிரீட் குறைந்தது 28 நாள் ஆறவேண்டும். பின்பு ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரைமேல் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டி, ஓர் இரவும் மறு பகலும் விட்டுவிடவேண்டும். எடுத்துப் பார்க்கையில் தாளின் அடியில் நீர் முத்துக்களோ, தரையில் கருத்த திட்டோ காணப்பட்டால் பூச்சு நிலைக்காது, கொப்புளித்து உரியும்.

நான்காம் கேள்வி: சூட்டையும் சக்கரத்தையும் தாங்குமா? ஓடி வந்த காரின் சூடான சக்கரம் மலிவான பூச்சைப் பற்றி உரித்துவிடும். நம் சித்திரை வெயிலில் இது இன்னும் கேடு; அன்றியும் வெயில் நேரே படும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகும். பாலிஆஸ்பார்டிக் என்னும் மேற்பூச்சு வெயிலை நன்கு தாங்கும், விலைதான் கூடுதல். ஒன்றோடொன்று கோக்கும் பிளாஸ்டிக் ஓடுகள் போடுவதற்கு எளியவை. ஆனால் இடுக்கு வழியே இறங்கிய உப்புநீர் அடியிலேயே தங்கும். அவ்வப்போது பெயர்த்துக் கழுவவேண்டும். கம்பளம் அங்கே வேண்டவே வேண்டாம். உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடேற்றும் வீடாயின், தடித்த ரப்பர் விரிப்பு அச்சூட்டை மேலே வரவொட்டாமல் தடுக்கும்.

ஐந்தாம் கேள்வியே தலையாயது: அதன்மேல் நடப்பவர் யார்? கார் வழுக்கி விழுந்து இடுப்பு முறிவதில்லை. தாய் முறிகிறாள். கடையில் ஓட்டை விளக்கொளியில், உலர்ந்த நிலையில், சுவரில் சாய்த்துக் காட்டுகிறார்கள். நம் வீட்டில் அது மழையில், கால்களுக்குக் கீழே கிடக்கும். ஆதலால் ஒரு மாதிரி ஓட்டைக் கேட்டு வாங்கித் தரையில் வைத்து, நீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரையே மிதிக்கச் சொல்லுங்கள்.

நமது முகப்புக்கு எது ஏற்றது? குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து குவியும் ஓடுகளில் 'பார்க்கிங் டைல்ஸ்' என்றே ஒருவகை விற்கிறார்கள். தடித்து, மேற்புறம் சொரசொரப்பாயிருக்கும். அதை மெத்தென்ற கலவையில் இடைவெளியின்றிப் பதிக்கவேண்டும். நாணயத்தால் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் ஓடு, வண்டி ஏறினால் உடையும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டும் நன்றே. ஆனால் மெருகிட்டது வேண்டாம், நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கியதைக் கேளுங்கள். கடப்பாக் கல்லும் இராஜஸ்தானத்துக் கோட்டாக் கல்லும் சுண்ணாம்பின் இனம். மெருகிடாதவை காலுக்கு உறுதி, அமிலம் ஊற்றிக் கழுவினால் மட்டும் கெடும். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கும் பூவோடு கூடத்துக்கு அழகு. எண்ணெய் சொட்டும் வண்டிக்கு அடியில் அது கறைபடும். இவை எதற்கும் பணமில்லையா? ஈரம் காயுமுன் கோடிழுத்த சிமெண்டுத் தரையைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. கடன் வாங்கிப் போட்ட பளபளப்பைவிடக் கைக்காசில் போட்ட சொரசொரப்பு மேலன்றோ?

கார் அறைக்குள் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் ஆவியோ காற்றினும் கனமானது, தரையில்தான் படியும். ஆகவே சூடேற்றும் கருவியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் பொருத்தவேண்டும்.

கனடாவில் மகன் ஈரத்தைச் சோதித்தார், வாட்டத்தைச் சீராக்கினார், மணல் தூவிய எபாக்சியும் அதன்மேல் காப்புப் பூச்சும் இட்டார். காருக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ரப்பர்த் தட்டு, நடைவழியில் கைப்பிடி. தை மாதம் பேத்தி அவ்வழியாகவே பத்திரமாக வீடு சேர்ந்தாள்.

பசுமலையில் தந்தைக்கு வேறொரு போராட்டம். புத்தம்புது ஓட்டைப் பெயர்ப்பதா? மகளின் நிச்சயதார்த்தம் நெருங்குகிறது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு வாரம் பேசாதிருந்தார். கடைசியில் வாயிற்கதவிலிருந்து படிவரை நாலடி அகலத்துக்கு ஓட்டைப் பெயர்த்துச் சொரசொரப்பான கோட்டாக் கல்லைப் பதித்தார். வெண்மைக்கு நடுவே பச்சைச் சாம்பல் நிறத்தில் ஒரு பாதை. "அழகு போச்சு சாமி" என்றார் நம்மிடம்.

நிச்சயதார்த்தத்துக்கு நாமும் சென்றிருந்தோம். தரையைப் பற்றி எவரும் பேசவில்லை. நடைவண்டியை ஊன்றிக்கொண்டு பாட்டியம்மா அந்தப் பாதையில் வாசல்வரை வந்து மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார். நம்மைக் கண்டதும் குனிந்து கல்லைக் காட்டினார். "இப்ப காலு நிக்குது சாமி."

வீடு கட்டவும் புதுப்பிக்கவும் இருப்பவர்களே, ஓட்டின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் மெல்ல நடப்பவர் யார் என்று முதலில் எண்ணுங்கள். அவருடைய பாதம் எதை ஒப்புகிறதோ, அதையே வாங்குங்கள்.