பிரிவறியாப் பயணி

பாலைத்திணை பயில்வோர் பொருள்வயிற் பிரிவை நன்கறிவர். தலைவன் சுரங்கடந்து செல்வான். தலைவி சுவரிற் கோடிட்டு நாளெண்ணி யிருப்பாள். பிரிவு என்னுஞ் சொல்லுக்குப் பொருள் தருபவள் வீட்டிலிருக்கும் அவளே. அத்தகையார் ஒருவரும் இன்றி ஓயாது வழிச்செல்பவனை என்னென்பது? இவ்வினாவை எம் உள்ளத்து எழுப்பியது, வால்டர் கிர்ன் எழுதிய நாவலைத் தழுவி ஜேசன் ரைட்மன் இயக்கி 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அப் இன் தி ஏர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம்.

அதன் தலைவன் ரையன் பிங்கம். ஜார்ஜ் க்ளூனி நடித்துள்ளார். பிற நிறுவனங்களின் ஊழியரிடம் நேரிற் சென்று, 'உமக்கு இனி இங்கு வேலையில்லை' என அறிவிப்பதே அவன் தொழில். ஓராண்டில் 322 நாட்கள் பயணத்திற் கழிகின்றன. எஞ்சிய 43 நாட்கள் ஓமகா நகரத்து இல்லத்தில். அந்த 43 நாட்களையே அவன் துன்பமென நினைக்கிறான்! விமானத்தில் ஒரு கோடி மைல் பறந்து முடிப்பதே அவன் வேட்கை.

நகைச்சுவைக்குக் குறைவில்லை. தேனிலவுப் பயணத்திற்குப் பொருளில்லாத அவன் தங்கை, தானும் மணமகனும் நிற்கும் அட்டைப்படம் ஒன்றை அவனிடஞ் சேர்ப்பித்து, செல்லும் ஊர்தோறும் அதனை நிறுத்திப் புகைப்படம் எடுத்து வரச் சொல்கிறாள். அளவறிந்து அடுக்கிய அவன் பெட்டிக்குள் அது அடங்காமல் தலை நீட்டுகிறது. உறவின் இயல்பை இதனினும் நயமாகக் காட்டல் அரிது.

இப்படத்தைத் தனிமையின் துயரக் கதையென்பர் பலர். யாம் அவ்வளவில் அமையோம். பிங்கமின் தனிமை, அவன் தொழிலுக்கு வேண்டிய தகுதியேயாகும். வேலையிழந்த ஒருவன் தன் மக்களின் படத்தை எடுத்து நீட்டி, 'இவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?' என்று கேட்குமிடத்து, தனக்கும் மக்களுடையான் எங்ஙனம் நாள்தோறும் எதிரே அமர்வான்? உடன் பணிபுரியும் இளம்பெண் நாட்டலியோ, பயணமே வேண்டாம், கணினித் திரை வழியே நீக்கிவிடலாம் என்கிறாள். அன்று அது கதை. 2021 டிசம்பரில் அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமொன்று ஏறத்தாழ 900 பேரை ஒரே காணொலி அழைப்பில் நீக்கியது.

பிங்கம் காதலித்த ஏலெக்ஸைத் தேடிச் சிகாகோ சென்று கதவைத் தட்டும்போது, அவளுக்குக் கணவனும் மக்களும் உண்டென்பது வெளியாகிறது. பின்னர் ஒரு கோடி மைல் நிறைவுறுகிறது. 'எவ்வூர்?' என்று விமானத் தலைவர் வினவ, இங்கேதான், இவ்வானில்தான் என்ற கருத்துப்பட விடையிறுக்கிறான். பிரிவதற்கும் ஒருவர் இல்லாதான் கூறத்தக்க விடை அதுவே.

எனினும் முடிவில் எமக்கொரு வழக்குண்டு. நீக்கப்பட்டோராய்த் தோன்றுவோருட் பலர் நடிகரல்லர். செயின்ட் லூயிஸ், டெட்ராய்ட் நகரங்களில் மெய்யாகவே வேலையிழந்தவர். அவர்தம் முகங்களுக்கு முன் க்ளூனியின் அழகிய சோகமும் சிறுத்துவிடுகிறது. இறுதியில் அவர்களைக் கொண்டே, குடும்பத்தின் அன்பு எம்மைத் தாங்கிற்று என்று சொல்லுவித்துப் படம் ஆறுதல் தேடிக்கொள்கிறது. அவர் கூற்று மெய்யே. ஆயினும், அவர்களை நீக்கத் துணிந்தவர் எவர், எக்காரணத்தால் துணிந்தார் என ஊன்றிக் கேட்டிருக்கலாகாதா? ஊர்தோறும் அம்மேசைக்கு அப்பால் பிங்கம் வந்து அமர்கிறான். அவனை ஏவியவர் அங்கு வந்து அமர்வதேயில்லை.